மகளுக்கு டெக்சஸ் சட்டமன்றத்தில் பாராட்டுத் தீர்மானமாம், போகலாமா?

மல்லிகைப்பந்தல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகள் இந்த வருடம் (2025) ஹைஸ்கூல் முடிக்கிறாள். ஏப்ரலில் ரேங்க் பட்டியல் வந்தது, அவள்தான் வாலடிக்டோரியன். (நம் ஊர் பாஷையில் ஸ்கூல் ஃபர்ஸ்ட். பட்டமளிப்பு விழாவில் பேசுவதும் அவர்கள்தான்.)

போன வாரம் எங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதி அலுவலகத்திலிருந்து ஒரு மெயில். மகளைப் பாராட்டி டெக்சஸ் பிரதிநிதிகள் சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம். விருப்பமிருந்தால் குடும்பத்தோடு ஆஸ்டினுக்கு வந்து மாடத்தில் உட்காரலாமாம். கூடவே ஒரு படிவம்: பெற்றோர் பெயர், கூடப் பிறந்தவர்கள் பெயர், பொழுதுபோக்கு, அடுத்து என்ன படிக்கப் போகிறாள், பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள்.

இது நிஜமா, இல்லை "உங்கள் பிள்ளை பெயரைப் புத்தகத்தில் போடுகிறோம், காசு கட்டுங்கள்" ரகமா? கல்லூரிக்கு ஏதாவது உதவுமா? அவர்கள் சொல்லும் நாள் மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அன்று காலை அவளுக்கு ஏபி (கல்லூரித் தரப் பாடம்) கால்குலஸ் தேர்வு. என் வீட்டுக்காரர் அதற்குள் மதுரைக்கும் மன்னார்குடிக்கும் போன் போட்டு "அசெம்பிளியில் நம்ம பாப்பா பேர்" என்று சொல்லி முடித்துவிட்டார். பாப்பாவோ, "நான் வரலை, நீங்க ரெண்டு பேரும் போய்க் கைதட்டிட்டு வாங்க" என்கிறாள்.

சின்னமனூர்க்காரன்

முதலில் பாப்பாவுக்கு வாழ்த்துகள். நிஜம்தான் அக்கா, பயப்பட வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒரு பையனுக்கு வந்தது. காசு கீசு கேட்கவில்லை.

மொட்டைமாடி

நான் ஆஸ்டினில் படிக்கும்போது ஒரு பருவம் கேப்பிட்டலில் (சட்டமன்றக் கட்டடம்) ஒரு உறுப்பினர் அலுவலகத்தில் இன்டர்னாக இருந்தேன். பாராட்டுத் தீர்மானங்களுக்கான தகவல் திரட்டுவதுதான் என் முழுநேரத் தொழில் என்றே சொல்லலாம். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

டெக்சஸ் சட்டமன்றம் வருடா வருடம் கூடுவதில்லை. ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரி இரண்டாவது செவ்வாயில் தொடங்கி அதிகபட்சம் 140 நாள். 2025 கூட்டத்தொடர் ஜனவரி 14 முதல் ஜூன் 2 வரை. ஆகவே 2024-ல் முதலிடம் வந்த பிள்ளைக்கு அந்த மே மாதத்தில் சபையே கிடையாது. உங்கள் மகள் சரியான வருடத்தில் முடிக்கிறாள், அது ஒரு அதிர்ஷ்டம்.

இதற்குப் பெயர் ஹவுஸ் ரெசல்யூஷன், சுருக்கமாக ஹெச்.ஆர். கீழவை மட்டும் நிறைவேற்றுவது. செனட்டுக்கோ கவர்னருக்கோ போகாது. சட்டமும் ஆகாது. இரண்டு அவையும் கவர்னரும் சேர வேண்டிய தீர்மானம் வேறு வகை. 1977-ல் சில்லி என்கிற மாட்டிறைச்சிக் குழம்பை டெக்சஸின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தார்களே, அது அந்த வகை. உங்கள் மகளுடைய தீர்மானம் மாட்டிறைச்சிக் குழம்பைவிட ஒரு படி கீழே என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்!

நீங்கள் நிரப்பும் படிவத்தை அலுவலகம் டெக்சஸ் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலுக்கு அனுப்பும். மசோதா எழுதித் தருகிற அதே அமைப்பு. அங்கே எழுத்தாளர்கள் உட்கார்ந்து "ஆகையினால்" "ஆகையினால்" என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். முதல் பத்தியில் பள்ளியும் பட்டமும், அடுத்து பாடங்களும் மன்றங்களும், அப்புறம் பெற்றோர், அப்புறம் "இந்த இளம்பெண் தன் ஊருக்குப் பெருமை." கடைசியில் "இச்சபை பாராட்டுகிறது" என்றும், "உயர்ந்த மதிப்பின் அடையாளமாக அதிகாரபூர்வப் பிரதி ஒன்று தயாரிக்கப்படட்டும்" என்றும் இரண்டு பத்தி. எல்லாத் தீர்மானத்திலும் வால் இதேதான். பெயரைத்தான் மாற்றுவார்கள்.

நிறைவேறும் விதம் இரண்டு. பெரும்பாலானவை பாராட்டு–இரங்கல் பட்டியலில் ஏறும். நூற்றுக்கணக்கில் கட்டாகக் கட்டி ஒரே அடியில் நிறைவேற்றுவார்கள், யாரும் வாசிப்பதில்லை. சில மட்டும் அவையில் தனியாக எடுக்கப்படும். உங்களுக்கு அழைப்பு வந்திருப்பது அதற்கு. உறுப்பினர் எழுந்து விதிகளைத் தளர்த்தக் கோருவார், எழுத்தர் வாசிப்பார், பக்கத்து மேசை உறுப்பினர் ஒருவர் "எல்லா உறுப்பினர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும்" என்பார், சபாநாயகர் சுத்தியலைத் தட்டுவார், முடிந்தது. மொத்தமும் மூன்று நிமிடம் வந்தால் அதிகம். அந்தச் சுத்தியலோடு சபை உறுப்பினர்கள் 150 பேரும் உங்கள் மகள் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களாக ஆகிவிடுவார்கள்.

காகிதம் நன்றாக இருக்கும். கனமான தாள், மாநில முத்திரை, கீழே சபாநாயகர் கையெழுத்தும் தலைமை எழுத்தர் கையெழுத்தும்.

கறார் கந்தசாமி

இவ்வளவு அழகாகச் சொன்ன மொட்டைமாடி, முக்கியமான கதையை விட்டுவிட்டார். நான் சொல்கிறேன்.

1971 ஏப்ரல் முதல் தேதி. வேகோ நகரப் பிரதிநிதி டாம் மூர், ஆல்பர்ட் டிசால்வோ என்பவரைப் பாராட்டி இதே டெக்சஸ் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டிலும் பயன்பாட்டு உளவியலிலும் அன்னார் கையாண்ட வழக்கத்துக்கு மாறான உத்திகளைப் போற்றி. சபை ஒருமனதாக நிறைவேற்றியது. டிசால்வோ யார்? பாஸ்டன் பெண்கள் பலரைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாக ஒப்புக்கொண்ட "பாஸ்டன் ஸ்ட்ராங்லர்." சக உறுப்பினர்கள் எதையும் படிக்காமலே கை தூக்குகிறார்கள் என்று காட்டத்தான் மூர் அதைச் செய்தார். அப்புறம் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

படிக்காமல் பாராட்டுகிற சபையின் பாராட்டுக்கு, படித்து முதலிடம் வந்த பிள்ளை ஏன் நாலு மணி நேரம் காரில் போக வேண்டும்? அதுவும் தேர்வை விட்டுவிட்டு?

மல்லிகைப்பந்தல்

ஐயோ! கந்தசாமி சார், இதை என் வீட்டுக்காரரிடம் சொல்ல மாட்டேன். மகளிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இப்போது ஆஸ்டின் போக லேசாக ஆர்வம் வந்திருக்கிறது, வேறு காரணத்துக்காக.

மொட்டைமாடி

டிசால்வோ கதை உண்மைதான். இன்டர்ன்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். ஆனால் அது 150 பேரைப் பற்றிய கதை. உறுப்பினர் அலுவலகத்தில் ஒருவராவது உங்கள் மகளைப் பற்றி உட்கார்ந்து படித்திருப்பார், பள்ளிக்கு போன் பண்ணியிருப்பார். எனக்குத் தெரியும், அந்த ஒருவர் நானாக இருந்தேன். உறுப்பினருக்கு இதில் லாபம் இல்லையா என்றால், உண்டு. தாத்தா பாட்டி வரைக்கும் அந்தப் படத்தைப் பகிர்வார்கள், அடுத்த வருடம் தேர்தல். செலவில்லாத நல்ல பெயர். இரண்டு பக்கமும் லாபம் என்றால் அதில் என்ன குறை?

தேர்வு விஷயம் மட்டும் தெளிவு. தேர்வுதான் முக்கியம். மே நடுவில் சபைக்கே மூச்சு முட்டும், கீழவை மசோதாக்களுக்குக் கெடு முடிகிற நேரம் அது. நாள் மாற்றித் தருவது கடினமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் பட்டியலில் போட்டு நிறைவேற்றிவிட்டுப் பிரதியைத் தொகுதி அலுவலகத்தில் நேரில் தரச் சொல்லுங்கள். காகிதத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

ஸ்கார்பரோ ரஞ்சி

பிள்ளைக்கு எங்கட வாழ்த்துகள். இங்க ஒண்டாரியோவில இப்பிடித் தனித்தனிப் பிள்ளைக்குத் தீர்மானம் கொண்டுவாற வழக்கம் பெருசா இல்லை. உறுப்பினர் அறிக்கை எண்டு ஒண்டு இருக்கு, ஒருத்தருக்கு 90 செக்கன். அதுக்குள்ள தொகுதிப் பிள்ளை ஒண்டின்ர பேரைச் சொல்லி வாழ்த்துவினம், அது ஹன்சார்டில, அதான் சபைப் பேச்சுப் பதிவில, ஏறும். மற்றபடி எம்.பி.பி. (மாகாண சட்டமன்ற உறுப்பினர்) ஒரு பாராட்டுப் பத்திரம் தருவார். எங்கட வீட்டில மூண்டு கிடக்கு. ஒண்டு சங்கீதத்துக்கு, ரெண்டு எதுக்கெண்டு எனக்கே ஞாபகம் இல்லை.

ஆனா ஒண்டு சொல்லவேணும். 2014-ல ஒண்டாரியோ சட்டமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் எண்டு சட்டமாக்கினது. 2016-ல ஒட்டாவாவில நாடாளுமன்றமும் தீர்மானம் நிறைவேற்றினது. அதுவும் "வெறும் காகிதம்" எண்டுதான் கனபேர் சொன்னவை. இப்ப ஜனவரி வந்தால் பள்ளிக்கூடங்களில பிள்ளையள் பறை அடிக்கினம். காகிதத்தை வைச்சு என்ன செய்யிறம் எண்டதுதான் விஷயம் அக்கா.

கணக்கு டீச்சர்

அரசுப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது மகன் வீட்டில், ஹூஸ்டன் பக்கம்.

நம் ஊரில் பிளஸ் டூ முடிவு வரும் நாளில் மாநில முதலிடம் யார் என்று தொலைக்காட்சி வண்டிகள் அலையும். அந்தப் பிள்ளைக்கு லட்டு ஊட்டுகிற படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வரும். 2017-ல் தமிழக அரசு அதை நிறுத்தியது. முதல் மூன்று இடம் யார் என்று அறிவிப்பதே இல்லை. எனக்கு அது சரி என்றுதான் பட்டது. 1,196 வாங்கியவளுக்கும் 1,195 வாங்கியவளுக்கும் நடுவே இருப்பது படிப்பு வித்தியாசம் இல்லை, விடைத்தாள் திருத்திய டீச்சருக்கு அன்றைக்குத் தலைவலியா இல்லையா என்கிற வித்தியாசம். நான் திருத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

இங்கே வந்தால் சட்டமன்றமே முதலிடத்தைக் கொண்டாடுகிறது. குற்றம் சொல்லவில்லை அம்மா, உங்கள் பெண் கெட்டிக்காரி. அந்த ரேங்க் இங்கே எப்படிப் போடுகிறார்கள் என்று யாராவது சொல்லுங்களேன்.

கேட்டிவாசி

டீச்சரம்மா கேட்டது நெஞ்சைத் தொட்டுவிட்டது, சொல்கிறேன். என் மகன் இரண்டு வருடம் முன் முடித்தான். பள்ளிப் பெயர் வேண்டாம்.

இங்கே ரேங்க் என்பது நான்கு வருட ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி. ஏபி பாடத்தில் வாங்கும் ஏ-க்கு அதிக எடை, சாதாரணப் பாடத்தில் வாங்கும் ஏ-க்குக் குறைந்த எடை. விளைவு என்ன தெரியுமா? ஆர்கெஸ்ட்ராவில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சராசரி இறங்கும். என் மகன் வயலினை விட்டது பத்தாம் வகுப்பில். "அப்பா, இது 0.03 அப்பா" என்றான். இன்னொரு பையன் கோடையில் எந்தப் பாடத்தை எடுத்தால் சராசரி இறங்காமல் தப்பிக்கலாம் என்று எக்செல் போட்டு வைத்திருந்தான், அதைப் பார்த்து நாங்களும் ஒன்று போட்டோம். கடைசியில் மகன் நாலாவது. அதே மதிப்பெண்ணை வேறு பள்ளி மாவட்டத்து விதியில் போட்டால் ரேங்க் மாறியிருக்கும். ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனிக் கணக்கு.

ஆனால் ஒன்று. டெக்சஸில் ரேங்க் வெறும் பெருமை இல்லை. 1997-ல் இதே சட்டமன்றம் ஹவுஸ் பில் 588 என்று ஒன்றை நிறைவேற்றியது, கிங்ஸ்வில் ஊரைச் சேர்ந்த இர்மா ரங்கெல் கொண்டுவந்தது. எந்த ஹைஸ்கூலாக இருந்தாலும் முதல் பத்து சதவீதத்தில் வருகிற பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். அதற்கு முந்தைய ஆண்டு ஹாப்வுட் வழக்கில் இன அடிப்படைச் சேர்க்கையை நீதிமன்றம் தடுத்துவிட்டது. அதற்கு மாற்றாக வந்த வழி இது. மெக்சிகோ எல்லைப் பள்ளத்தாக்கில் இருக்கிற ஏழைப் பள்ளியின் முதல் பத்து சதவீதமும் பணக்காரப் புறநகர்ப் பள்ளியின் முதல் பத்து சதவீதமும் சட்டத்தின் முன்னால் ஒன்று. 2009-ல் யூடி ஆஸ்டினுக்கு (ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்) மட்டும் இப்படித் தானாகக் கொடுக்கும் இடங்களுக்கு வரம்பு வைத்தார்கள். அதனால் அங்கே பத்து இல்லை, 2025 சேர்க்கை வரை ஆறு சதவீதம், 2026 சேர்க்கையிலிருந்து ஐந்து என்று அறிவித்தார்கள். எங்களைப் போன்ற புறநகர்ப் பெற்றோர் திட்டுகிற சட்டம், நானும் திட்டியிருக்கிறேன். சின்ன ஊர்ப் பிள்ளைக்கு ஒரு கதவைத் திறந்துவிட்ட சட்டமும் அதுதான்.

கறார் கந்தசாமி

இதைத்தான் சொல்ல வந்தேன், கேட்டிவாசி முந்திக்கொண்டார். சட்டமன்றம் ஒரு மாணவனை மதிக்கிறது என்றால் இப்படி மதிக்க வேண்டும். 2020-ல் தமிழ்நாடு சட்டமன்றம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கியதே, அதில் "ஆகையினால்" எதுவும் இல்லை. சீட்டு இருந்தது.

மொட்டைமாடி

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மல்லிகை அக்காவிடம் ஒன்று கேட்கிறேன்: மகள் எங்கே சேருகிறாள்? டெக்சஸ் அரசுக் கல்லூரியா, வெளி மாநிலமா?

மல்லிகைப்பந்தல்

டெக்சஸுக்குள்தான், அரசுப் பல்கலைக்கழகம். ஏன்?

மொட்டைமாடி

அப்படியென்றால் தீர்மானத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். டெக்சஸ் கல்விச் சட்டத்தில் 54.301 என்று ஒரு பிரிவு. அங்கீகாரம் பெற்ற ஹைஸ்கூலில் முதலிடம் வந்தவருக்கு, முடித்தவுடன் வருகிற முதல் வருடத்தின் இரண்டு செமஸ்டருக்கும் அரசுக் கல்லூரிகள் டியூஷனை (கல்விக் கட்டணத்தை) தள்ளுபடி செய்யலாம். டியூஷன் மட்டும்தான். விடுதி, சாப்பாடு, மற்ற ஃபீஸ் எல்லாம் நம் தலையில். ஆனாலும் ஆயிரக்கணக்கான டாலர் விஷயம். வாலடிக்டோரியன் வீட்டிலேயே பல பேருக்கு இது தெரியாமல் போய்விடுகிறது. பள்ளி கவுன்சிலரிடம் இன்றே கேளுங்கள், சான்று வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதைக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் காட்ட வேண்டும்.

உங்களுடைய இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கல்லூரிச் சேர்க்கைக்குத் தீர்மானம் உதவாது. மே மாதம் சேர்க்கையெல்லாம் முடிந்த கதை. பத்தாவது, பதினொன்றாவது படிக்கும்போதே வாங்கிய பிள்ளைகள் காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம்) விருதுகளுக்கு இருக்கிற ஐந்து இடத்தில் ஒன்றில் போடுகிறார்கள். அங்கேகூடத் தீர்மானத்தைப் போடாமல், தீர்மானம் எதற்காக வந்ததோ அந்தச் சாதனையைப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

சின்னமனூர்க்காரன்

டியூஷன் தள்ளுபடி எனக்கும் புதுச் செய்தி. எங்கள் தெருப் பையன் வீட்டுக்கு இப்போதே போகிறேன்.

நியூஜெர்சி நாகை

படிவத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தீர்மானம் நிறைவேறினால் அது பொது ஆவணம். சட்டமன்ற இணையதளத்தில் முழு வாசகமும் இருக்கும், கூகுளில் தேடினால் வரும், பத்து வருடம் கழித்தும் வரும். பிள்ளை பெயர், பள்ளி, அப்பா அம்மா பெயர், தம்பி பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில். படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தம்பி தங்கை பெயரை விட்டுவிடுங்கள்.

அப்புறம் பெயர். முதல் பத்திக்குப் பிறகு "மிஸ்" போட்டு கடைசிப் பெயரைத்தான் எழுதுவார்கள். நம் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர் அப்பா பெயர். ஆகத் தீர்மானம் முழுக்க "மிஸ் முருகேசன் வயலின் வாசிக்கிறார்", "மிஸ் முருகேசன் உயிரியல் மன்றத் தலைவி" என்று போகும். அவையில் சத்தமாக வாசித்தால் மாடத்தில் இருக்கிற முருகேசன் நெளிய வேண்டியதுதான். முதல் பெயரையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் படிவத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள். உச்சரிப்பையும் அசை பிரித்து எழுதுங்கள், "ழ" இருந்தால் கடவுளிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்கார்பரோ ரஞ்சி

மிஸ் முருகேசன்!! சிரிச்சுச் சிரிச்சு தேத்தண்ணி கொட்டிப்போட்டுது.

கணக்கு டீச்சர்

மல்லிகை, பெண் ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்று கேட்டாயா? தேர்வு மட்டும்தானா?

மல்லிகைப்பந்தல்

கேட்டேன் டீச்சர். இரண்டாவது வந்த பெண் இவளுடைய நெருங்கிய தோழி. கேட்டிவாசி சொன்ன மாதிரி, வித்தியாசம் தசமப் புள்ளிக்கு அப்புறம் மூன்றாவது இலக்கம். ஒன்பதாவதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தார்கள். அவளுக்குச் சபையில் பெயர் இல்லை, எனக்கு மட்டும் என்ன என்கிறாள். நான் இதை யோசிக்கவே இல்லை.

மொட்டைமாடி

அலுவலகத்துக்கு அப்படியே எழுதுங்கள். தோழியும் அதே தொகுதி என்றால் அவளுக்கும் ஒரு தீர்மானம் போடுவது அவர்களுக்கு அரை மணி நேர வேலை. இரண்டாமிடத்துக்கும் தீர்மானம் வந்து நான் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காததால்தான் பல வராமல் போகின்றன.

மல்லிகைப்பந்தல்

அப்டேட் போடச் சொல்லி மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். இதோ.

திங்கட்கிழமைக்குப் போகவில்லை என்று எழுதிவிட்டோம். தேர்வு எழுதினாள், சுமாராம். (அவளுடைய சுமார் என்றால் எனக்குத் தெரியும்.) தோழியைப் பற்றி எழுதினேன். அந்த அலுவலகத்துப் பெண் மறுநாளே பதில் போட்டாள்: இரண்டு பேர் தீர்மானத்தையும் பாராட்டுப் பட்டியலில் ஏற்றுகிறோம், ஜூனில் தொகுதி அலுவலகத்தில் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. தம்பி பெயரை எடுத்துவிட்டோம். மிஸ் விவகாரத்தையும் எழுதினேன், "ஹவுஸ் நடை அப்படி, ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள். பொழுதுபோக்குக் கட்டத்தில் மகள் தானே ஒரு வரி எழுதினாள், நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது பற்றி. அது எனக்கே முழுசாகத் தெரியாது, சனிக்கிழமை நூலகம் போகிறாள் என்று மட்டும் தெரியும்.

கவுன்சிலரிடம் டியூஷன் சான்று கேட்டேன். "ஓ, அதுவா, பட்டமளிப்பு முடிந்ததும் தருவோம்" என்று சாதாரணமாகச் சொல்கிறார். நாங்கள் கேட்காவிட்டால்? மொட்டைமாடி தம்பி, உனக்கு ஒரு நாள் சாப்பாடு இருக்கிறது.

வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் முகம் தொங்கிப்போயிருக்கிறார். மன்னார்குடிக்கு என்ன சொல்வதாம்.

கறார் கந்தசாமி

150 பேர் கையெழுத்து என்று சொல்லச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி

பட்டியலில் போனால் அந்த 150 கணக்கு வராது சார், அது அவையில் தனியாக எடுத்தால்தான். ஆனால் மன்னார்குடியில் யார் சரிபார்க்கப் போகிறார்கள்.

இர்விங் இட்லி

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். என் பையன் சலுட்டடோரியன், அதாவது இரண்டாமிடம். டியூஷன் தள்ளுபடி அவனுக்கும் உண்டா?

மொட்டைமாடி

அந்தப் பிரிவில் இல்லை அண்ணா, முதலிடத்துக்கு மட்டும். ஆனால் பல்கலைக்கழகங்களே தனியாக மெரிட் ஸ்காலர்ஷிப் வைத்திருக்கின்றன. எந்தக் கல்லூரி என்று சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.